தாய்ப்பால் குழந்தையின் மலம்: எது இயல்பு, எது வயிற்றுப்போக்கு?

பிறந்து பத்து நாளான குழந்தை ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் மஞ்சளாக, தண்ணீராகப் போகிறது. "பிள்ளைக்கு வயித்தால போகுது" என்று வீடே கலங்கிவிடுகிறது. ஒருவர் கிரைப் வாட்டர் வாங்கி வருகிறார், இன்னொருவர் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார். பெரும்பாலும் அந்தக் குழந்தைக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் சில குழந்தைகளுக்கு அது உண்மையான பேதிதான். இவ்வளவு சிறிய உடம்பில் அதைத் தாங்கும் நீர் கையிருப்பு கிடையாது என்பதால் அப்போது தாமதிக்க முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்கள் நிறைமாதத்தில் பிறந்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் முதல் சில மாதக் குழந்தைகளுக்கானவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை என்றால் மலத்தில் எந்த மாற்றம் தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை போனால் இயல்பு?

இதற்கு ஒற்றை எண் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 3 முறையோ அதற்கு மேலோ இளகிப் போனால் வயிற்றுப்போக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இளக்கமாக, குழைவாகப் போவது வயிற்றுப்போக்கு ஆகாது என்பதையும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டாவது பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, அதாவது 4, 5 நாள் கழித்து, ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறையாவது போவது நல்ல அறிகுறி. பல குழந்தைகள் 8 முறை, 10 முறை போகும். 12 முறை போகும் குழந்தையும் உண்டு. வயிற்றில் பால் விழுந்ததும் பெருங்குடல் தன்னிடம் இருப்பதைத் தள்ளிவிடும். இந்த அனிச்சைச் செயல் எல்லோருக்கும் இருப்பதுதான், பிறந்த குழந்தையிடம் வலுவாக இருக்கிறது. அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போகும். "பால் குடிக்கிற பிள்ளை அப்படித்தான் போகும்" என்று சொல்லும் பாட்டிகள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் பேதி என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

எண்ணிக்கையை விட்டுவிட்டு மாற்றத்தைப் பாருங்கள். உங்கள் குழந்தை வழக்கமாக எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் 6 முறை, மஞ்சளாக, பால் திரிந்தது போன்ற சிறு சிறு திரிகளோடு போகும் குழந்தை இன்று காலையிலிருந்து 10 முறை போயிருக்கிறது, திரியே இல்லை, வெறும் தண்ணீராகப் பீய்ச்சுகிறது என்றால் அது பேதியாக இருக்கலாம். தினமும் 10 முறை போய்க்கொண்டு, நன்றாகக் குடித்து, எடையும் கூடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பேதி இல்லை.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதிக்க நம் நாட்டுச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் அளவுகோலும் இதுதான்: மலம் வழக்கத்திலிருந்து மாறியிருக்க வேண்டும், பல முறை போக வேண்டும், மலத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பேதி.

வாடையும் உதவும். தாய்ப்பால் மலத்தில் லேசான புளிப்பு வாடைதான் இருக்கும், மூக்கைப் பொத்த வைக்காது. திடீரென்று அழுகல் நாற்றம் அடித்தால் கவனியுங்கள். அப்புறம் மலத்திலிருந்து கண்ணை எடுத்துக் குழந்தையைப் பாருங்கள். வழக்கம்போல ஆர்வமாகக் குடிக்கிறதா? விழித்திருக்கும் நேரத்தில் கை காலை ஆட்டுகிறதா? சிறுநீர் போகிறதா? உடம்பு சுடுகிறதா? இந்த நான்குக்கும் கிடைக்கும் பதில், துணியில் இருப்பதைவிட அதிகம் சொல்லும்.

முதல் நாள் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு வந்ததே?

அது காட்டுப்பீ. கருப்பையில் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீர், உதிர்ந்த செல்கள், பித்தநீர் எல்லாம் குடலில் சேர்ந்து, கரும்பச்சையாகத் தார் போல வெளியேறும். நாற்றம் இருக்காது. நிறைமாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதைக் கழித்துவிடும். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால், அதிலும் வயிறு உப்பி வாந்தியும் எடுத்தால், குடலில் அடைப்போ, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாத பிறவிக் குறைபாடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இதை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சீம்பாலுக்கு லேசாக மலமிளக்கும் தன்மை உண்டு. அடிக்கடி சீம்பால் குடித்த குழந்தைக்குக் காட்டுப்பீ சீக்கிரம் கழியும், அதோடு மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிரூபினும் வெளியேறும். 3, 4ஆம் நாள் பழுப்புப் பச்சையாக மாறி, 5ஆம் நாள் வாக்கில் மஞ்சளுக்கு வந்துவிடும். 5 நாள் கடந்தும் கறுப்பாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், பால் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்று பொருள். குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் செவிலியரிடம் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு தண்ணீராக இருக்கிறது?

தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர். 100 மி.லி. பாலில் ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. பிறந்த குழந்தையின் சிறுகுடலால் அது முழுவதையும் செரித்துவிட முடியாது. மீதி பெருங்குடலுக்குப் போய் நீரைத் தன்னோடு இழுத்துவைத்துக்கொள்ளும்.

இன்னொரு பொருளும் இருக்கிறது. குழந்தையால் செரிக்கவே முடியாத ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் தாய்ப்பாலில் ஏராளம். லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து தாய்ப்பாலில் மிகுதியாக உள்ள திடப்பொருள் இதுதான். குழந்தைக்குச் செரிக்காத ஒன்றை உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்கிறது என்றால், அது குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான உணவு. அவை அதைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலச் சூழலில் நோய்க்கிருமிகள் எளிதில் பெருக முடியாது. புளிப்பு வாடையும் இளக்கமும் பொருமிக்கொண்டு போவதும் எல்லாம் அந்த வேலையின் அடையாளங்கள். இந்த மலத்தைக் கட்டிப்படுத்த மருந்து கொடுப்பது, நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தில் கை வைப்பதுதான்.

மலத்தைச் சுற்றித் துணியில் தண்ணீர் வளையம் பரவுகிறது. அது பேதியா?

பருத்தித் துணி கட்டும் வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இயல்பான தாய்ப்பால் மலத்திலும் நீரைத் துணி உறிஞ்சி வளையமாகப் பரப்பும், நடுவில் மஞ்சளாகத் திரிகள் நிற்கும். நடுவில் எதுவும் நிற்காமல் முழுவதும் நீராக ஊறிப் போனால்தான் கவலை. டயபர் போட்டால் தலைகீழ்ச் சிக்கல்: அது நீரையெல்லாம் உள்ளே இழுத்துவிடுவதால், நீராகப் போனதை வெறும் சிறுநீர் என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் வந்த நாளில் டயபரைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள். மலமும் சிறுநீரும் தனித்தனியாகத் தெரியும்.

பச்சையாகப் போகிறது. சளி பிடித்திருக்கிறதா, சீர் தட்டிவிட்டதா?

பித்தநீரின் இயற்கை நிறம் பச்சை கலந்தது. குடலில் மெதுவாக நகரும்போது மஞ்சளாகிறது, வேகமாகக் கடந்தால் பச்சையாகவே வெளியே வருகிறது. குழந்தை நன்றாக இருந்து, எப்போதாவது பச்சையாகப் போனால் அதற்கு மருந்து தேவையில்லை.

தொடர்ந்து பச்சையாக, நுரைத்துக்கொண்டு, வெடித்துக்கொண்டு போனால் பால் கொடுக்கும் முறையைப் பாருங்கள். அம்மாவுக்குப் பால் மிகுதியாகச் சுரந்து, ஒரு பக்கம் முடியுமுன் மறுபக்கம் மாற்றினால், கொழுப்பு குறைந்த முன்பால் நிறைய உள்ளே போகும். கொழுப்பு குறைந்த பால் வயிற்றைச் சீக்கிரம் கடக்கும், லாக்டோஸ் மொத்தமாகக் குடலுக்கு வந்து சேரும். ஒரு மார்பில் குழந்தை தானாக விடும்வரை கொடுத்துவிட்டுப் பிறகு மறுபக்கம் மாற்றினால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும்.

இரும்புச் சத்துச் சொட்டு மருந்து குடிக்கும் குழந்தைக்கும் கரும்பச்சையாகப் போகும். காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்த குழந்தை பச்சையாக, அடிக்கடி, நீராகப் போகும். பிலிரூபின் வெளியேறும் வழி அது. விளக்கை நிறுத்தியதும் அடங்கும். அந்த நாட்களில் இன்னும் அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

பச்சை கவலைக்குரியதாக இரண்டு இடங்களில் மாறுகிறது. ஒன்று, அளவு மிகக் குறைவாக, கரும்பச்சையாக, எடையும் ஏறாமல் இருப்பது. குழந்தை பட்டினி கிடக்கிறது. இன்னொன்று, பச்சையாக நீர் பீய்ச்சி, சளியும் சேர்ந்து, குழந்தையும் சோர்ந்திருப்பது. அது தொற்று.

சீர், உரம், குடலேற்றம், தொக்கம் என்று சொல்லி எடுக்கச் சொல்கிறார்களே?

நம் ஊரில் பேதியான குழந்தையை மருத்துவரிடம் தாமதமாகக் கொண்டுவருவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளை பச்சையாகப் போய், உச்சிக்குழி உள்ளே விழுந்து, கண் குழிந்து, சோர்ந்து கிடந்தால் ஊர்ப் பெரியவர்கள் சீர் என்றோ தோஷம் என்றோ சொல்வார்கள். அவர்கள் பார்த்த அடையாளம் உண்மையானது. உச்சிக்குழி விழுவதும் கண் குழிவதும் உடம்பில் நீர் வற்றியதன் அறிகுறிகள். அதாவது, "சீர் தட்டிவிட்டது" என்று வீட்டில் யாராவது சொல்லும் நேரம், பெரும்பாலும் மருத்துவமனைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நேரம்.

மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் குடும்பத்தின் மன ஆறுதலுக்கு என்றால் அதோடு சண்டை போட வேண்டியதில்லை, அது சிகிச்சைக்குப் போவதைத் தள்ளிவைக்காதவரை. ஆனால் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது, குடல் தட்டுகிறேன் என்று வயிற்றை அழுத்துவது, தொக்கம் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் வாயில் ஊதுவதும், சூடு வைப்பது ஆகியவை குழந்தைக்கு நேரடியாகக் காயம் செய்யக்கூடியவை. இவற்றுக்கு யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன அம்மாவால் தனியாக மறுத்துப் பேச முடியாது. கணவரும் அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும்.

கிரைப் வாட்டர், ஓம வாட்டர், வசம்பு, சேனை, கழுதைப்பால்?

எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து மட்டும்தான். கத்திரி வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, தாகத்துக்கும் தாய்ப்பாலே போதும்.

பிறந்ததும் சேனை தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீரிலும், உரைத்துக் கொடுக்கும் மருந்திலும், காய்ச்சாத கழுதைப்பாலிலும் கிருமி போகும். அங்கிருந்துதான் பல குழந்தைகளுக்கு முதல் பேதி தொடங்குகிறது. வசம்பு கூடினால் வாந்தி வரும். விளக்கெண்ணெய் பேதியாவதற்கென்றே கொடுக்கும் பொருள். பிறந்த குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குடலில் நஞ்சை உண்டாக்கி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். நாக்கில் தடவுவதாக இருந்தாலும் தேன் வேண்டாம்.

நான் சாப்பிட்டதால்தான் பிள்ளைக்குப் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், தக்காளி சாப்பிட்டேன், மாமியார் சொன்ன பத்தியத்தை மீறிவிட்டேன் என்று அழும் அம்மாக்கள் நிறைய. பத்தியம் என்ற பெயரில் பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பருப்பும் காயும் பழமும் தண்ணீரும் குறைப்பதுதான் இங்கே உண்மையான தீங்கு. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் பால் கொடுக்கலாம். கிருமி பால் வழியாகப் போவதில்லை, கழுவாத கை வழியாகத்தான் போகிறது. கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும், குழந்தையைக் கழுவிவிட்ட பின்னும், பால் கொடுக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள். அம்மாவோ குழந்தையோ ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டால் சில நாள் கூடுதலாக இளகும். இன்னொன்று, அம்மா குடிக்கும் பசும்பாலின் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு வந்து, சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையாகிச் சளியும் இரத்தக் கீற்றுமாகப் போகும். மருத்துவர் சொன்னால் மட்டும் அம்மா பால், தயிர், பனீர் போன்றவற்றைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

இரத்தம் தெரிந்தால்?

மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம்: அம்மாவின் மார்புக் காம்பு வெடித்துக் கசிந்த இரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்கும், அல்லது ஆசனவாயில் சிறு கீறல் இருக்கும். அதை முடிவு செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்தவுடன், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேட்பார்கள், தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரத்தமும் சளியும் சேர்ந்து, குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது வெளிறிப்போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். அது சில மாதக் குழந்தைகளுக்கு அதிகம் வரும். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இரத்தம் என்று பயமுறுத்தும் வேறு இரண்டும் உண்டு. முதல் சில நாளில் துணியில் செங்கல் நிறக் கறை படிந்தால் அது சிறுநீரில் உள்ள யூரேட் உப்பு. பால் கூடும்போது போய்விடும், 4, 5 நாளுக்குப் பிறகும் வந்தால் பால் போதவில்லை. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பிலிருந்து ஓரிரு சொட்டு இரத்தம் வருவது அம்மாவின் ஹார்மோன் விலகுவதால், தானாக நிற்கும்.

எந்த நிறத்துக்கு உடனே ஓட வேண்டும்?

வெள்ளை. சுண்ணாம்பு நிறம், வெளிறிய களிமண் நிறம், சாம்பல் கலந்த வெள்ளை என எதுவானாலும் சரி. பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. கூடவே சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் பிடிக்கும் (பிறந்த குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்று இருக்க வேண்டும்), கண்ணில் மஞ்சள் 14 நாள் கடந்தும் இருக்கும். பித்தநாளம் அடைபடும் நோயாக இருந்தால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கு 60 நாள் வயதுக்குள் வந்துவிட்டால் பலன் அதிகம், தள்ளிப்போகப் போகக் கல்லீரல் கெட்டுப்போகும். இந்தக் குழந்தைகள் பார்ப்பதற்கு நன்றாகக் குடித்து, கொழுகொழுவென்றும் இருக்கும். வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பதால்தான் வாய்ப்பை இழக்கிறோம். பேதியைப் பற்றிய இந்தப் பக்கத்தில் இதையும் சேர்த்ததற்குக் காரணம், பச்சையைக் கண்டு ஓடிவரும் பலர் வெள்ளையைக் கண்டு அமைதியாக இருப்பதுதான்.

போகவே இல்லை என்றால்?

முதல் மாதத்தில் ஒரு நாள் முழுக்கப் போகாவிட்டால் பால் போதுமா என்று பாருங்கள். ஏறக்குறைய 6 வாரத்துக்குப் பிறகு நிலைமை மாறும். ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு நிறைய இளக்கமாகப் போகும் குழந்தைகள் உண்டு. வயிறு மென்மையாக இருந்து, வாந்தி இல்லாமல், குடித்துக்கொண்டு, சிறுநீரும் போய்க்கொண்டிருந்தால் அது மலச்சிக்கல் இல்லை. சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதையும் ஆசனவாயில் வைக்க வேண்டாம்.

பேதியானால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? லாக்டோஸ் இல்லாத பவுடர் எழுதிக் கொடுத்தார்களே?

நிறுத்தக் கூடாது. பேதியில் போகும் நீரையும் உப்பையும் சத்தையும் ஒன்றாகத் திருப்பிக் கொடுப்பது தாய்ப்பால்தான், கிருமியை எதிர்க்கும் பொருள்களும் அதில் இருக்கின்றன. இன்னும் அடிக்கடி, இன்னும் நீண்ட நேரம் கொடுங்கள். உறிஞ்ச முடியாமல் சோர்ந்திருந்தால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். புட்டி வேண்டாம்.

பிறவியிலேயே லாக்டோஸைச் செரிக்கவே முடியாத நிலை மிக மிக அரிது. பேதிக்குப் பிறகு குடலின் உட்சவ்வு புண்ணாகி லாக்டோஸ் செரிப்பது சில நாள் குறைவது உண்டுதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது பெரும்பாலும் தாய்ப்பாலோடே சரியாகிவிடும். மலப் பரிசோதனையில் சர்க்கரை இருக்கிறது என்று தாளைக் காட்டினால், நலமாக உள்ள தாய்ப்பால் குழந்தையின் மலத்திலும் அது இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். குழந்தையின் எடை ஏறுகிறதா, நீர் வற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தாளை மட்டும் வைத்துப் பவுடருக்கு மாற வேண்டாம். ஒரு முறை பால் நின்றால் மறுபடி சுரக்க வைப்பது கடினம்.

ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாமா? துத்தநாக (ஜிங்க்) மருந்து?

2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேதி என்று தோன்றினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வயதில் பேதி, உடம்பு முழுக்கப் பரவும் கிருமித் தொற்றின் ஒரு பகுதியாக இருக்கலாம். போகும்வரை தாய்ப்பாலோடு, ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 5 தேக்கரண்டி அளவு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். 2 மாதத்துக்கு மேல் என்றால் கால் தம்ளரிலிருந்து அரைத் தம்ளர் வரை, கரண்டியிலோ பாலாடையிலோ மெதுவாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள்.

கரைக்கும் விதத்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு பல மடங்காகி, இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கடைகளில் கிடைக்கிறது. எது என்று படித்துப் பார்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று அட்டையில் இருக்க வேண்டும். பழச்சுவை போட்டு டப்பாவில் விற்கும் பானங்கள் அதற்கு ஈடாகாது, அவற்றில் சர்க்கரை அதிகம். குளுக்கோஸ் தண்ணீர், சோற்றுக் கஞ்சி, இளநீர் எதுவும் இந்த வயதில் வேண்டாம்.

துத்தநாக மருந்து 2 மாதத்திலிருந்து. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, பீய்ச்சிய தாய்ப்பாலில் கரைத்து 14 நாள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகக் கிடைக்கும். பெரியவர்கள் பேதி நிற்க விழுங்கும் லோபரமைடு போன்ற மாத்திரைகளைக் குழந்தைக்குத் தொடவே கூடாது, குடல் அசைவே நின்றுவிடும்.

எப்போது 108ஐ அழைக்க வேண்டும்?

குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், வயிறு உப்பி விறைத்திருந்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் அதிகமாக வந்தால், மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் ஓடினால் உடனே அழையுங்கள். மலம் பச்சையாக இருப்பதற்கும் வாந்தி பச்சையாக இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 2 மாதத்தில் அவசரம்தான். வீட்டில் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கும் வயதில்லை இது. உடம்பு சில்லென்று இருப்பதும் அதே அளவு மோசம்.

நீர் வற்றுவதைச் சிறுநீரில் முதலில் பிடிக்கலாம். 5 நாளுக்கு மேற்பட்ட குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். 6 மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றால் கிளம்புங்கள். வயிற்றுத் தோலை மெல்ல இரு விரலால் பிடித்துவிட்டால் உடனே படிய வேண்டும், மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் உச்சிக்குழியும் கண்ணும் குழிந்திருந்தால் வழி நெடுக பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நேற்றுவரை எப்படிப் போனது, எப்போதிலிருந்து மாறியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, தாய்ப்பால் தவிர வாயில் எதையாவது வைத்தீர்களா. கடைசிக் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், திட்டு விழும் என்று சேனையையும் உரை மருந்தையும் மறைக்காதீர்கள். மலம் உள்ள துணியையோ அதை வெளிச்சத்தில் எடுத்த செல்போன் படத்தையோ காட்டினால், ஐந்து நிமிட விளக்கத்தைவிடப் பயன்படும். எடை எழுதிய அட்டையும் வேண்டும். பிறந்த குழந்தை முதல் நாட்களில் 10 சதவீதம் வரை எடை இழந்து, 2 வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன் பிறகு வாரம் 150 முதல் 200 கிராம் ஏறும். அப்படி ஏறும் குழந்தை எத்தனை முறை போனாலும் மருத்துவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பார்.

அடிக்கடி போவதால் புட்டம் சிவந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். துத்தநாக ஆக்ஸைடு களிம்பு தடவலாம். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். சிவப்பு மடிப்புகளுக்குள்ளும் பரவி, சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்று, அதற்கு வேறு களிம்பு.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்த பிறகு இளகிப் போகிறதே?

ஓரிரு நாள் லேசாக இளகலாம், பயப்பட வேண்டாம். இந்தியாவில் 2016இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14ஆம் வாரங்களில் இதைக் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான பேதிக்கு முக்கியக் காரணமான வைரஸைத் தடுக்கும் மருந்து இது. முதல் தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேதி நின்ற பிறகும் முன்பு போல இல்லை. இன்னும் சிகிச்சை வேண்டுமா?

தொற்றில் புண்ணான குடல் ஆற ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவோ பச்சையாகவோ போகும். ஒரு வாரத்தில் எடையைப் பாருங்கள், ஏறத் தொடங்கியிருந்தால் கூடுதல் மருந்து வேண்டாம். நீராகப் போவது 14 நாளைத் தாண்டினால், நடுவில் நன்றாகிவிட்டது போல் தோன்றியிருந்தாலும், மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.